அம்மாவுக்கு சுகர் இருந்தா குழந்தைக்கும் இருக்குமா?

கேள்வி: எனக்கு 34 வாரம். கர்ப்பத்துலதான் சுகர் வந்துச்சு, இன்சுலின் போட்டுக்கறேன். குழந்தையும் சுகரோட பொறக்குமா? பொறந்ததும் ஐசியூல வச்சு குத்திக்கிட்டே இருப்பாங்களாமே? தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: உங்க குழந்தை சுகர் நோயோட பொறக்காதும்மா. நாங்க பயப்படுறதே வேற, பொறந்ததும் குழந்தைக்கு சுகர் இறங்கிடுமோன்னுதான். உங்க ரத்தத்துல இருக்குற குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குள்ள போகும், நீங்க போடுற இன்சுலின் போகாது, அதனால வர்ற சுகர சமாளிக்க குழந்தையோட கணையமே நிறைய இன்சுலின் சுரந்து பழகிடுது, பொறந்து தொப்புள்கொடிய வெட்டினதும் குளுக்கோஸ் வரத்து நின்னுடும், ஆனா இன்சுலின் இறங்க நேரம் ஆகும். முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே சுகர் தாழ்றது இதனாலதான்.

அதனால தாய்ப்பால் கொடுக்கலாமான்னு கேக்காதீங்க, கண்டிப்பா கொடுக்கணும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்ள, சிசேரியனா இருந்தாலும் சரி. இன்சுலின், மெட்ஃபார்மின் மாத்திரை எதுவும் இதுக்குத் தடை இல்ல. சீம்பால் கொஞ்சமாத்தான் வரும், அது போதும், குழந்தை சப்பலன்னா கையால பிழிஞ்சு பாலாடைச் சங்குல கொடுக்கலாம். 2-3 மணிக்கு ஒரு தடவை, தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்க. நெஞ்சோட அணைச்சு வச்சுக்கங்க, உடம்பு குளுந்தா இருக்குற சுகரும் செலவாயிடும்.

சுகர் இறங்கும்னு கேட்டதும் வீட்டுல பெரியவங்க சேனை வைக்கறேன்னு தேனோ சீனித்தண்ணியோ எடுத்துட்டு வருவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஒரு வயசுக்குள்ள தேன் ஆபத்து, சீனித்தண்ணி பால் குடிக்கிறதக் கெடுத்துடும்.

குத்துறது குதிகால் பக்கவாட்டுல, ஒரே ஒரு சொட்டுக்கு. முதல் பால் கொடுத்து அரைமணி கழிச்சு ஒண்ணு, அப்புறம் ஒவ்வொரு தடவை பால் கொடுக்கறதுக்கு முன்னாடி, குறைஞ்சது 12 மணி நேரம், பல ஆஸ்பத்திரில ஒரு நாளுக்கு மேலயும் பாப்பாங்க. 50, 55னு வந்தா பெரியவங்க கணக்குல பாத்து பதறாதீங்க. 40-45க்குக் கீழ போனாதான் மறுபடி பால், கன்னத்துக்குள்ள தடவுற டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஜெல், அதுலயும் ஏறலன்னா ட்ரிப்ஸ். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும்.

குழந்தை துவண்டு கிடந்தா, பால் குடிக்க மறுத்தா, மூச்சு வேகமா இழுத்தா, நீலம் பாஞ்சா உடனே நர்ஸக் கூப்பிடுங்க. கைகால் நடுங்குச்சுன்னா மெதுவா புடிச்சுப் பாருங்க. புடிச்சதும் நின்னா அது வெறும் நடுக்கம், அப்பவும் சுகர் பாக்கச் சொல்லணும். புடிச்சும் துடிச்சா ஃபிட்ஸா இருக்கலாம், ஒரு நிமிஷமும் காத்திருக்கக்கூடாது.

இந்தக் குழந்தைங்கள்ல சிலருக்கு சிவப்பணு அதிகமாகி ரத்தம் கெட்டியா இருக்கும், அதனால மஞ்சள் காமாலை கொஞ்சம் அதிகம் வரும், டிஸ்சார்ஜ் ஆனப்புறமும் கண்ணு, தோல் மஞ்சளாகுதான்னு பாருங்க. சிலருக்கு இதயச் சுவர் தடிச்சிருக்கும், சில மாசத்துல தானா சரியாகும். பிறவிக் குறை பயம் முக்கியமா கர்ப்பத்துக்கு முன்னாடியே சுகர் இருந்தவங்களுக்குத்தான்.

இப்ப உங்க கையில இருக்கறது இந்தக் கடைசி வாரங்கள். வெறும் வயித்துல 95க்குக் கீழ, சாப்பிட்டு 2 மணி நேரத்துல 120க்குக் கீழ வச்சுக்கப் பாருங்க, கடைசி வாரங்கள்லயும் வலி வர்ற நேரத்துலயும் உங்க சுகர் கட்டுக்குள்ள இருந்தா குழந்தைக்கு இறங்குற வாய்ப்பு குறையும். பிரசவம் ஆகுற இடத்துல பச்சக்குழந்தை டாக்டர் ராத்திரியும் இருப்பாரான்னு அடுத்த செக்கப்புலயே கேட்டுடுங்க. குழந்தை பொறந்து 6-12 வாரத்துக்குள்ள உங்களுக்கும் குளுக்கோஸ் குடிச்சு டெஸ்ட் எடுக்கணும், நிறைய பேரு குழந்தை வேலையில இத மறந்துடறாங்க, தடுப்பூசி அட்டையிலயே தேதிய எழுதி வச்சுக்கங்க.