ஜேசிபி போன இடமெல்லாம் பச்சை

கேள்வி: அண்ணே, எங்க பழைய வீட்டு பின்கட்டுல 20 வருஷமா சிமென்ட் தளம் கிடந்துச்சு. செப்டிக் டேங்க் மாத்த ஜேசிபி விட்டு ஒடச்சு, தோண்டி மூடுனோம். ஐப்பசி மழை ரெண்டு பெய்ஞ்சதும் ஒண்ணுமே போடாத செம்மண்ணுல பச்சைப்பசேல்னு என்னென்னமோ நிக்குது. விதையெல்லாம் ஜேசிபி டயர்ல வந்துச்சா? கொத்தி எறிங்கிறாக மாமியார். பூனை வேற ஒரு செடி வேரைக் கட்டிப்பிடிச்சு உருளுது, ஏதும் ஆயிருமாண்ணே?
- பள்ளத்தூர் வாசகி

பதில்: பூனைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, அது குப்பைமேனியா இருக்கும், அதுக்கு பூனைவணங்கின்னே ஒரு பேரு உண்டு, வேர் வாசத்துக்கு அப்படி கிறங்கும். மோந்து உருளட்டும், திங்க மட்டும் விடாதீங்க.

டயர்ல வந்ததும் கொஞ்சம் இருக்கும், பார்த்தீனியம் அப்படித்தான் ஊர் ஊரா போகுது. ஆனா முக்காவாசி உங்க மண்ணுக்குள்ளயே தூங்குன விதைதான். ஆழத்துல கிடந்தது மேல வந்து வெளிச்சமும் ஈரமும் பட்டதும் முழிச்சுக்கிருச்சு. சிமென்ட்டுக்கு அடியில இத்தனை வருஷமான்னு கேப்பீங்க. அமெரிக்காவுல மிச்சிகன்ல பீல்னு ஒரு வாத்தியார் 1879ல 20 பாட்டில்ல மணலோட களை விதையைப் போட்டுப் புதைச்சு வச்சாரு, 2021ல ஒரு பாட்டில எடுத்து மண்ணுல போட்டா அதுலயும் சிலது முளைச்சுச்சு, 142 வருஷம்! எல்லா விதையும் அப்படித் தாங்காது, ஆனா உங்க 20 வருஷம் ஒரு கணக்கே இல்ல.

அதனால கொத்தாதீங்க. ஒவ்வொரு கொத்துக்கும் அடியில கிடக்குற அடுத்த செட் மேல வரும். கோரை இருந்தா இன்னும் மோசம், கிழங்கு சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கும், அறுத்தா அறுந்த கிழங்கெல்லாம் தனித்தனியா முளைக்கும். நானும் ஒரு தடவை வீராப்பா கொத்திட்டு அடுத்த மாசம் தலையில கைவச்சு உக்காந்தவன்தான்.

ஈரம் இருக்கும்போதே பார்த்தீனியத்தை மட்டும் கையுறை போட்டு, பூ விடுறதுக்கு முன்னாடி வேரோட பிடுங்கிருங்க, சிலருக்கு தோல் அரிச்சுத் தள்ளிரும். நெருஞ்சியையும் முள்ளு காயுறதுக்குள்ள எடுத்துருங்க, பிள்ளைக வெறுங்கால்ல ஓடுற இடம். மத்ததை அரிவாளால தரையோட அறுத்துட்டு மேல தென்னஓலை, வைக்கோல்னு கனமா மூடுனா போதும், வெளிச்சம் இல்லாம பாதி அடங்கிரும். மூக்கிரட்டை கிடந்தா விடுங்க, கொழுந்து இலை பருப்புல போட நல்லாருக்கும்.

அதுவரைக்கும் மம்பட்டி உங்க மாமியார் கண்ணுல படாம இருக்கட்டும்.