ஹெர்மெட்டிக் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் மூலமும் என்ன? துறவியைக் குறிக்கும் ஹெர்மிட் என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டா?

உறவு இல்லை. ஹெர்மிட் என்பது ஆளில்லாத பாழ்வெளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஹெர்மெட்டிக் என்பதோ ஹெர்மிஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ் என்ற பெயரிலிருந்து பிறந்தது. கிரேக்கரின் கடவுள் ஹெர்மிஸையும் எகிப்தியரின் கடவுள் தோத்தையும் ஒருவராக்கி உருவான புராண ஞானி அவர். பெயரின் பின்பகுதிக்கு 'மும்மடங்கு பெரியவர்' என்று பொருள். இரசவாதிகள் அவரையே தங்கள் ஆதிகுருவாகக் கொண்டிருந்தார்கள். ஆகவே, கண்ணாடிக் குடுவையின் கழுத்தைத் தீயில் இளக்கி முறுக்கி அடைக்கும் வித்தைக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது காற்றுப் புகாத அடைப்பைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றது.

நீங்கள் தேர்வுக்காகவோ மொழிபெயர்ப்புக்காகவோ கேட்டிருக்கலாம். 'மிகவும் இறுக்கமான' என்று எழுதிவிடாதீர்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஊசி மருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றின் ஆம்பூல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆம்பூல் என்பது ஊசி மருந்து அடைக்கும் சிறு கண்ணாடிக் குப்பி. மருந்து நிரம்பிய ஆம்பூல், சுழன்றபடியே, எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து எரியும் தீநாக்கின் முன் வரும். கழுத்து சிவந்து இளகியதும் இடுக்கி ஒன்று நுனியைப் பற்றி இழுக்கும். இழுத்த இடத்தில் கண்ணாடி நூலாக மெலிந்து அறுந்து, தானே திரண்டு மூடிக்கொள்ளும். தக்கை, ரப்பர், பசை எதுவும் கிடையாது. பாத்திரமே தனக்கு மூடியாகிவிடுகிறது. பிறகு ஆம்பூல்களை ஒரு மூடிய கலத்துக்குள் நீலச் சாயக் கரைசலில் அமிழ்த்தி, கலத்திலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டு மீண்டும் உள்ளே விடுவோம். கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தாலும் சாயம் உள்ளே புகுந்து, மருந்து நீலம் பாரித்துவிடும்.

இந்த ஆலையில்தான், பயிற்சி வகுப்பு நடத்திய மேலாளர் ஒருவர், டைட் என்றாலும் ஹெர்மெட்டிக் என்றாலும் ஒன்றே என்றார். நான் எழுந்து மறுத்தேன். அமெரிக்க மருந்துத் தரநூல் இரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. டைட் கொள்கலன் வெளியிலுள்ள திரவமும் திடப்பொருளும் ஆவியும் மருந்தில் கலக்காமல் காக்க வேண்டும். திறந்தபின் மறுபடி இறுக மூடவும் வர வேண்டும். ஹெர்மெட்டிக் கொள்கலனிலோ, கையாளும்போதும் அனுப்பும்போதும் இருப்பில் வைத்திருக்கும்போதும், காற்றோ வேறெந்த வாயுவோ ஊடுருவவே கூடாது. உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றுமா என்ற உயிரியலின் பழைய வழக்கையே இந்த வேறுபாடு திசை திருப்பியிருக்கிறது. தக்கையிட்டு மூடிய குடுவைகளில் கொதித்த சாற்றிலும் உயிர்கள் தோன்றின என்றார் ஆங்கிலேய ஆய்வாளர் நீடம். இத்தாலிய ஆய்வாளர் ஸ்பல்லன்சானி குடுவைகளின் கழுத்தையே உருக்கி அடைத்து, நெடுநேரம் கொதிக்கவைத்து, அவை தோன்றவில்லை என்று 1765இல் காட்டினார்.

'ஆம்பூல் அடைக்க வந்தவருக்கு அகராதி எதற்கு?' என்று கேட்டு மேலாளர் பேச்சை முடித்துவிட்டார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்களுக்குக் கொடுத்த பயிற்சிக் குறிப்பிலும் இரு சொற்களுக்கும் 'இறுக்கமாக மூடிய' என்ற ஒரே தொடரே இருந்தது. எதற்காக அந்த நீலச் சாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அந்தக் குறிப்பிலிருந்து அவர்கள் எப்படி அறிந்துகொள்வார்கள்?

ஆலைத் தொழிலாளி ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் சொல்வதா என்று சிலர் கருதலாம். நான் மொழியியல் படித்தவன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மேலே சொன்ன மூலத்தை எந்தப் பெரிய ஆங்கில அகராதியிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். குளிர்பதனத் தொழிலிலும் இச்சொல் இதே கண்டிப்போடுதான் புழங்குகிறது. குளிர்பதன வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரை மோட்டாரோடு சேர்த்து எஃகு ஓட்டுக்குள் வைத்துப் பற்றவைத்துவிட்டால்தான் அது ஹெர்மெட்டிக் கம்ப்ரஸர். போல்ட்டைக் கழற்றித் திறக்க முடிந்தால் செமி ஹெர்மெட்டிக் என்பார்கள்.

தமிழில் எழுதும்போது கண்ணாடிக்கு 'உருக்கி அடைத்த' என்றும், பொதுவாகக் 'காற்றுப் புகாதபடி அடைத்த' என்றும் எழுதலாம். 'இறுக்கமான' என்பதை டைட் என்ற சொல்லுக்கே விட்டுவிடுங்கள்.