ஏப்ரலில் நிறைகிறது, நவம்பரில் வற்றுகிறது

கேள்வி: கோவையில் ஜவுளிக்கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தனி உரிமையாளராக நடத்துகிறேன். ஊழியர்கள் 4 பேர். 400 கடைகள் ஆண்டுக்கு 6,000 ரூபாய் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்) கட்டுகின்றன. அந்த 24 லட்சமும் ஏப்ரல், மே மாதங்களில் வந்துவிடும். இது போக, தனியாகச் செய்து தரும் வேலைகளில் ஆண்டுக்கு 18 லட்சம். மாதச் செலவு சம்பளம், வாடகை, சர்வர் எல்லாம் சேர்த்து 2 லட்சம், வீட்டுக்கு 75,000. இந்த ஆண்டு 4 லட்சம் பழைய கடனை அடைத்தேன், 6 லட்சம் கட்டி கார் எடுத்தேன். இப்போது நவம்பர் சம்பளத்துக்கே பணமில்லை. ஒரு மில் 4.5 லட்சத்தை ஐந்து மாதமாக இழுத்தடிக்கிறது. மனைவியின் நகையை வைத்து 5 லட்சம் வாங்கலாமா? பிரைவேட் லிமிடெட்டாக மாற்றலாமா?

பதில்: உங்கள் நிறுவனம் நஷ்டத்தில் ஓடவில்லை. ஆண்டு வரவு 42 லட்சம், அலுவலகச் செலவு 24 லட்சம், லாபம் 18 லட்சம். ஏஎம்சி பணமே அலுவலகச் செலவுக்குச் சரியாகப் போதும். ஆனால் ஏப்ரலில் கடைக்காரர் தரும் 6,000 ரூபாய், அடுத்த மார்ச் வரை நீங்கள் செய்யவேண்டிய சேவைக்கான முன்பணம். அந்த மாதம் அதில் 500 ரூபாய்தான் உங்களுடையது.

அக்டோபர் வரை என்ன நடந்தது என்று பாருங்கள். ஏஎம்சி 24 லட்சம், மற்ற வேலைகளில் வந்தது 6 லட்சம் என்று வைத்தால் மொத்தம் 30 லட்சம். ஏழு மாதச் செலவு 19.25 லட்சம், கார் 6, கடன் 4. மிச்சம் 75,000. மில்லுக்கு பில் போட்டபோதே அதற்கான 81,000 ரூபாய் ஜிஎஸ்டியை உங்கள் கையிலிருந்து கட்டியிருப்பீர்கள். மிச்சமும் அதில் போய்விட்டது.

நகைக்கடன் வாங்கலாம், ஆனால் 5 லட்சம் வேண்டாம். வங்கியில் நகை மீது ஓவர்டிராஃப்ட் கேளுங்கள். எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. 3 லட்சத்துக்கு மேல் தொடாதீர்கள். மில் பணம் வந்த அன்றே அடைத்துவிடுங்கள். ஏப்ரல் வரவை நம்பிக் கடனை வைத்திருந்தால், இந்த ஆண்டு 4 லட்சம் போனதுபோல அடுத்த ஆண்டும் ஓட்டையோடுதான் தொடங்கும்.

மில் விஷயத்தில் மென்மை காட்டவேண்டாம். சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் இன்றே ஆதாரை வைத்து இலவசமாகச் செய்யுங்கள். பதிவுக்குப் பிறகு செய்யும் வேலைகளுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் வரவேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. மார்ச் 31-க்குள்ளும் தராவிட்டால் அந்தத் தொகையை மில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. மில்லின் ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். இனி 30 சதவீதம் முன்பணம் வாங்காமல் வேலை தொடங்காதீர்கள். மீதியை முடித்த பகுதிக்கு ஏற்ப சிறு பில்களாகப் போடுங்கள். அப்போது ஒரு பில் நின்றாலும் கையிலிருந்து கட்டும் ஜிஎஸ்டி சிறிதாக இருக்கும்.

அடுத்து ஏஎம்சி தேதிகள். இதுதான் நிரந்தர மருந்து. ஜவுளிக்கடைக்காரர் கையில் காசு புரள்வது தீபாவளி முடிந்த பிறகுதான். 150 கடைகளைத் தேர்ந்தெடுத்து, வரும் ஏப்ரலில் அக்டோபர் வரை ஏழு மாதத்துக்கு 3,500 மட்டும் வாங்குங்கள். நவம்பரில் முழு 6,000. ஏப்ரல் வரவு 20.25 லட்சமாகக் குறையும், நவம்பரில் 9 லட்சம் வரும். இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள். அது அடுத்த ஆண்டுச் சம்பளத்தை இப்போதே தின்பது.

ஏப்ரலில் பணத்தோடு வரும் 18 சதவீத ஜிஎஸ்டி அடுத்த மாதமே போகவேண்டியது, அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். 20.25 லட்சத்தில் 4 லட்சத்தைக் கரண்ட் அக்கவுண்டில் விட்டு, 16 லட்சத்தை 2 லட்சம் வீதம் எட்டு எஃப்டியாகப் போடுங்கள். ஜூன் முதல் ஜனவரி வரை மாதம் ஒன்றாம் தேதி ஒவ்வொன்றாக முதிரட்டும். ஒரே எஃப்டியாகப் போட்டால் மே மாதம் ஏதாவது ஆசையில் முழுதாக உடைத்துவிடுவோம். ஆள் எடுப்பதையும் மே மாதம் முடிவு செய்யாதீர்கள், டிசம்பர் இருப்பைப் பார்த்துச் செய்யுங்கள்.

வீட்டுக்கான 75,000, தனி வேலை வரவிலிருந்து சம்பளம்போல் வரட்டும். 18 லட்சம் லாபத்துக்கு, வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி செஸ் சேர்த்து 1,66,400 ரூபாய் வரி. வாடிக்கையாளர்கள் பணம் தரும்போதே பிடித்த வரியான டிடிஎஸ்ஸைக் கழித்த பிறகு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் முன்வரி கட்டவேண்டும். இவை போக ஆண்டுக்கு ஏழு லட்சம்போல் நிற்கும். ஆறு மாதச் செலவான 16.5 லட்சம் சேரும்வரை, அதாவது சுமார் இரண்டேகால் ஆண்டுக்கு, அதைத் தொடாதீர்கள்.

பிரைவேட் லிமிடெட் இப்போது வேண்டாம். விற்பனை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஆடிட் கட்டாயம், கம்பெனிப் பணத்தை வீட்டுக்கு நினைத்தபடி எடுக்கவும் முடியாது. பங்கு போட முதலீட்டாளர் வந்தால் அப்போது யோசிக்கலாம்.