பழைய லேப்டாப்புக்கு முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: 2015-ல் வாங்கிய லேப்டாப் என்னுடையது. ஐந்தாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு வேறு ஏதாவது வேலையை முடித்துவிட்டு வந்தால்தான் திரை தயாராக இருக்கிறது. வேர்டில் ஒரு ஃபைலைத் திறந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரேமை 16 ஜிபி ஆக்கச் சொல்கிறார் ஒருவர். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சும் வேண்டாம். லேப்டாப்பையே கேட்டுப் பாருங்கள், அது சொல்லும். ஆன் செய்து டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற லேப்டாப் என் மேஜைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரும்பாலும் தெரிவது ஒரே காட்சி: சிபியு (அதாவது ப்ராசஸர்) சும்மா கிடக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதாவது உங்கள் ப்ராசஸர் களைத்துப் போகவில்லை. டிஸ்க்கிலிருந்து தகவல் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்து லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுபவை. ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட் ஆகிவிடும். அதற்கு மேல், படிக்கும் ஊசி சரியான தடத்துக்கு நகரும் நேரம் வேறு. விண்டோஸ் தொடங்கும்போது ஒரே பெரிய ஃபைலைப் படிப்பதில்லை, அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடித் தேடிப் படிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அந்த ஊசி ஓட வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. கேட்ட துண்டு 0.1 மில்லி செகண்ட் அளவிலேயே வந்துவிடும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ‘விநாடிக்கு 550 எம்பி’ என்ற கணக்கைவிட, அன்றாடம் நமக்குத் தெரியும் வேகம் இதிலிருந்துதான் வருகிறது.

ஆகவே முதலில் எஸ்எஸ்டி. உங்கள் மாடலுக்கு சாட்டா (ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் அதே வகை இணைப்பு) கொண்ட 2.5 அங்குல எஸ்எஸ்டி போதும், பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். எம்.2 என்ற சின்ன வகையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அந்தக் கால லேப்டாப்பில் அதற்கான இடம் இல்லாமலே போகலாம். இருந்தாலும் வைஃபை கார்டுக்கு மட்டுமானதாக இருக்கலாம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கொள்ளளவு 500 ஜிபி பக்கம் இருந்தால் நிம்மதி. விளிம்புவரை நிரப்பினால் எஸ்எஸ்டியும் தடுமாறும், கொஞ்சம் காலி இடம் எப்போதும் இருக்கட்டும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது, தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஃபைல்களை வெளியே ஓரிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். இத்தனை வருடம் ஓடிய டிஸ்க் எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் ஆரோக்கியத்தைப் பார்க்கலாம். மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால், அல்லது ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால், முழு டிஸ்க்கையும் அப்படியே குளோன் செய்ய (புது டிஸ்க்குக்கு அச்சு அசலாக நகல் எடுக்க) முயன்று அதைப் பாடாய்ப் படுத்த வேண்டாம். முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் முதலில் காப்பாற்றுங்கள்.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் நான் குளோனிங்கைவிடப் புதிதாக இன்ஸ்டால் செய்வதையே சொல்வேன். பல வருடக் குப்பையையும் புது வீட்டுக்குத் தூக்கிப் போவானேன்? ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால், அதே பதிப்பை மறுபடி போட்டு இணையத்தில் இணைத்ததும் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

அப்புறம் ரேம். 4 ஜிபி இன்றைய ப்ரௌசருக்குப் போதாது. ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். உங்கள் டிஸ்க் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம். 8 ஜிபி ஆக்குங்கள். 16 ஜிபி வீடியோ எடிட்டிங் மாதிரியான வேலை செய்பவர்களுக்கு. வேர்டுக்கும் இணையத்துக்கும் தேவையில்லை. வாங்கும்போது வகையைக் கவனியுங்கள்: உங்கள் தலைமுறை லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது டிடிஆர்3எல், 1.35 வோல்ட்டில் ஓடுவது. கடைசியில் ‘எல்’ இல்லாத சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட் கேட்கும், போட்டால் லேப்டாப் ஆன் ஆகாமல் நிற்கக்கூடும். இருக்கும் ரேமைக் கழற்றி ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். காலி ஸ்லாட் இருந்தால் மட்டும்தான் அவற்றில் கூட்ட முடியும்.

ப்ராசஸரை மாற்றலாமா என்று யோசிக்கவே வேண்டாம். இந்த வகை லேப்டாப்புகளில் அது பெரும்பாலும் போர்டோடு ஒட்டியது.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டாயிற்று. பழைய பழக்கத்தில் மாதம் ஒருமுறை டீஃப்ராக் செய்யலாமா? விண்டோஸ் 11-க்கு மாறலாமா?

பதில்: டீஃப்ராக் வேண்டாம். தேடி ஓட ஊசியே இல்லாதபோது துண்டுகளை வரிசையாக அடுக்கி என்ன பயன்? எழுதி அழிக்கும் ஆயுள்தான் வீணாகும். அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ‘ட்ரிம்’ வேலையை விண்டோஸே அவ்வப்போது செய்துகொள்ளும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் ப்ராசஸர்கள், ஒரு சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. முந்தைய தலைமுறை என்றால் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றாதீர்கள், அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உறுதி கிடையாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், பிரின்டர் எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்தபின் முடிவு செய்யலாம்.

கேள்வி: ஆன் செய்ததும் வேகமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் இரைகிறது, எல்லாம் மந்தமாகிறது. டச்பேட் வேறு லேசாக மேலே தூக்கியிருக்கிறது.

பதில்: ஃபேன் இரைச்சல் சூட்டால் வருவது. காற்று போகும் வழியில் தூசி அடைத்து, ப்ராசஸரின் சூட்டை வெளியே கடத்த அதன் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டையும் சரிசெய்தால் தீரும். ஆனால் டச்பேட் விஷயம் அவசரம். அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். லேப்டாப்பை உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். டச்பேடை அழுத்திச் சமன் செய்யவோ, பேட்டரியை நெம்பி எடுக்கவோ கூடாது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்து மாற்றும்வரை ஆன் செய்யாதீர்கள். ஃபேனை அப்போதே சேர்த்துச் சுத்தம் செய்துகொள்ளலாம்.