சின்ன ஏரி, தடுப்பணைக்கெல்லாம் 'ஹை ஹசார்ட்' (அதிக ஆபத்து)னு வகை போட்டா அது உடையப் போகுதுன்னு அர்த்தமா?

இல்லங்க. கரை எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்குன்றதுக்கும் அந்த வகைக்கும் சம்பந்தமே இல்ல. உடைஞ்சா கீழ எத்தனை பேர் மாட்டுவாங்க, என்னென்ன சொத்து போகும், அதான் கணக்கு. அமெரிக்கால மூணு வகை, உயிர் போக வாய்ப்பு இருந்தா ஹை. இங்க மத்திய நீர் ஆணையம் 2020ல போட்ட வழிகாட்டுதல்ல நாலு வகுப்பு. நேத்து கட்டின அணையா இருந்தாலும் கீழ ஊர் இருந்தா மேல் வகுப்புதான், கந்தலான கரைக்குக் கீழ வெறும் பொட்டல்னா கீழ் வகுப்பு.

நீங்க ஏரிப் பக்கமா ஃபிளாட் பாக்கறீங்கன்னு நினைக்கறேன், இல்லன்னா யாரு இதெல்லாம் தேடப் போறா. நானும் தாம்பரம் தாண்டி ஒரு ஏரிக்குக் கீழதான் இருக்கேன், பேரு வேணாம், சொன்னா எங்க அசோசியேஷன்ல திரும்ப ஆரம்பிப்பாங்க. இதே விஷயத்தை குரூப்ல எழுதினேன், நம்ம ஏரிக்கு வகை போட்டா மேல் வகுப்புலதான் வரும், ஏன்னா ஏரி அப்படியேதான் இருக்கு, ஏரித் தண்ணி பாஞ்ச ஆயக்கட்டு வயல் இருந்த இடத்துல இப்ப நாம இருக்கோம்னு. அவ்வளவுதான், "ரேட்டை இறக்கப் பாக்கறீங்களா சார்"னு ஒருத்தர், "வதந்தி பரப்பாதீங்க"ன்னு இன்னொருத்தர். நான் எஞ்சினியர் இல்ல, கமெண்ட்ல வந்து டிகிரி கேக்காதீங்க, பயமுறுத்தவும் வரல.

குரூப்ல கத்தினவங்க யாரும் கரை மேல ஏறிப் பாக்கல. நான் பாத்தேன். வெளிச்சரிவுல அடியில ஒரு இடம் சொதசொதன்னு இருந்தது, சுத்தி காஞ்சு கிடக்க அங்க மட்டும் கோரை பச்சையா. ரிட்டயர் ஆன லஸ்கர் (ஏரி மதகு, கரையெல்லாம் பாத்துக்கற ஊழியர்) ஒருத்தர் டீக்கடைல பழக்கம், கூட்டிட்டுப் போனேன். கையால ஒரு சின்னக் குழி பறிச்சு, ஊறின தண்ணிய காலி பிஸ்லேரி பாட்டில்ல புடிச்சு, "தம்பி, காலைல அடியில பாரு. தெளிவா இருந்தா கரைக்கு வேர்க்குதுன்னு விடு. மண்ணு தங்கிச்சுன்னா உள்ளருந்து அரிச்சிகிட்டு வருது, உடனே ஆஃபீஸுக்கு ஓடு"ன்னார். சமையல் மேடைல வெச்சிருந்தேன், வீட்டுக்காரம்மா திட்டு வேற. அடியில ஒண்ணும் தங்கல, நல்லவேளை.

ஆனா அதே சரிவுல சீமைக்கருவேலம் புதர் மண்டிக் கிடக்கு, எலி வளை வேற. அதை வெட்ட ஆள் இல்ல, கரை மேல பேவர் பிளாக் போட்டு செல்ஃபி பாயின்ட் வெக்க மட்டும் காசு இருக்கு. 2019 ஜூலைல ரத்னகிரி மாவட்டத்துல திவரே அணை ராத்திரில உடைஞ்சு வீடெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு, மண் அணைதான். அதுக்கு ஒரு மந்திரி நண்டு மேல பழி போட்டார்! நண்டு வளை போடாம மெத்தையா போடும், அதை அடைக்கத்தானே பராமரிப்பு.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. 2021ல அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, ஆனா அது 15 மீட்டருக்கு மேல உள்ள அணைக்கு. 10லேர்ந்து 15 வரைக்கும் நீளம், கொள்ளளவுன்னு சில நிபந்தனையோட. நம்ம ஊர் ஏரிக்கரை முக்கால்வாசி அதுக்குள்ள வரவே வராது. ஆனா கீழ ஆயிரக்கணக்குல குடும்பம்.

குரூப்ல என்னைத் திட்டினவங்க எல்லாம் மூணாவது மாடி, அதையும் சொல்லிடறேன். நான் கிரவுண்ட் ஃப்ளோர்.

ஃபிளாட் பாக்கறதா இருந்தா வகுப்பு நம்பரைத் தேடி அலையாதீங்க. நல்ல மழை பெஞ்ச மறுநாள் போய் கலங்கல் (ஏரி நிரம்பினா தண்ணி வழியற இடம்) எங்க இருக்கு, உபரித் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, அந்த வழில என்ன கட்டியிருக்காங்கன்னு பாருங்க. புரோக்கரோட போகாதீங்க, அவர் ஏப்ரல்லதான் கூட்டிட்டுப் போவார்.