டி.என்.ஏ. இணைகள்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ஐயா, டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் (எழுத்துகள் போன்ற மூலக்கூறுகளில்) அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் மட்டுமே சேர்வது ஏன்? (பிளஸ் டூ மாணவி)

முதலில் அகலத்தைப் பாருங்கள் அம்மா. அடினைன், குவானைன் இரண்டும் இரட்டை வளையம் கொண்டவை. மற்ற இரண்டும் ஒற்றை வளையம். பெரியதும் சிறியதும் சேர்ந்தால்தான் டி.என்.ஏ.வின் இரட்டை இழைச் சுருளின் அகலம் எங்கும் ஒரே அளவாக, சுமார் 2 நானோமீட்டராக இருக்கும். அடுத்து, ஹைட்ரஜனைத் தரும் இடத்துக்கு எதிரே பெறும் இடம் வர வேண்டும்; அப்போதுதான் இரண்டையும் இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகும். 1953 பிப்ரவரியில், டி.என்.ஏ. அமைப்பைக் கிரிக்கோடு சேர்ந்து கண்டறிந்த வாட்சன், காரங்களின் வடிவில் அட்டைகளை வெட்டிச் சேர்த்துப் பார்த்தபோது இந்தப் பொருத்தம் புலப்பட்டது. அதற்கு முன் அடினைனுக்கு அடினைன் என்று ஒரே வகையைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடநூலில் ஹைட்ரஜனின் இடமே தவறு என்று வேதியியலாளர் ஜெர்ரி டோனஹ்யூ திருத்திய பிறகுதான் வழி பிறந்தது. அவர் பெயரை வகுப்பில் யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கேள்வி: அடினைனும் சைட்டோசினும் பெரியது, சிறியதுதானே?

அகலம் பொருந்தும். ஆனால் தரும் இடத்துக்கு எதிரே தரும் இடமே வந்துவிடும்.

கேள்வி: குவானைன் இணையில் மூன்று பிணைப்பு, அடினைன் இணையில் இரண்டு. சுருளின் வலிமை இதில்தானே?

பிணைப்புகளை மட்டும் எண்ணாதீர்கள்! இணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால் வரும் ஈர்ப்புக்கு வலிமையில் பெரும்பங்கு உண்டு.

கேள்வி: ஹைட்ரஜன் பிணைப்பே தேவையில்லை என்று வேதியியலாளர் எரிக் கூல் 1990களில் காட்டிவிட்டாரே?

அருமையான சோதனை அது. தைமினின் வடிவம் கொண்ட, ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பை ஏறக்குறைய உருவாக்காத மூலக்கூறு ஒன்றை வைத்தார். நகலெடுக்கும் நொதி அதற்கெதிரே அடினைனையே சேர்த்தது. நொதி வடிவத்தைப் பார்க்கிறது என்பதற்கு இது சான்று.

கேள்வி: அப்படியானால் பாடநூல் பொய்தானே? (அதே நண்பர்)

இல்லை. அதே போலித் தைமினை இரட்டை இழையில் வைத்தால் சுருள் தளர்கிறது. நகலெடுப்பது வேறு, பிடித்து நிற்பது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: அடினைன் ஏன் சைட்டோசினோடு சேராது?

மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: தந்தைமைப் பரிசோதனைக்கு எங்கே போவது?

என் துறை அன்று. மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஓர் இணை மாறினால் என்ன ஆகிவிடும்?

அரிவாள் செல் சோகையில் மாறுவது ஒரே ஓர் இணைதான். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் மரபணுவில் அடினைன் இருந்த இடத்தில் தைமின். அதனால் அந்தப் புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற அமினோ அமிலம் அமர்கிறது. ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் கோத்துக்கொண்டு சிவப்பணுவை வளைத்துவிடுகிறது.

கேள்வி: பிணைப்பு ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கிறது? உறுதியாக இருந்திருக்கலாமே?

உறுதியாக இருந்தால் இழைகள் பிரியாது. பிரியாமல் நகல் எடுக்க முடியாது. டி.என்.ஏ.வை ஆய்வகத்தில் நகலெடுக்கும் பிசிஆர் கருவியில் சுமார் 95 டிகிரிக்குச் சூடேற்றினால் பிரிகின்றன, ஆறவிட்டால் தத்தம் ஜோடியைத் தேடிச் சேர்கின்றன. செல்லுக்குள் அந்தச் சூடு கிடையாது. அங்கே ஹெலிகேஸ் நொதி பிரித்துக்கொண்டே போகிறது.