கேள்வி – பதில்: நினையாமல் வருவதற்கும் இடம் விடுங்கள்

கேள்வி: சிறுகதை எழுதி வருகிறேன். முடிவு வரை திட்டமிட்டு எழுதினால் கதை உயிரற்றுப் போகிறது. தானாக வரட்டும் என்று காத்திருந்தால் மாதங்கள் கழிகின்றன. அகத்தூண்டல் என்பது வெறும் அதிர்ஷ்டந்தானா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் திட்டம், காத்திருப்பு என்ற இரண்டில் ஒன்றையே பற்றிக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் எண்ணுவதுதான் இடர்ப்பாட்டுக்குக் காரணம் என்று தோன்றுகிறது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் இராக ஆலாபனை செய்வதை ஊன்றிக் கேட்டுப் பாருங்கள். அடுத்து எந்தச் சஞ்சாரம், அதாவது எந்தச் சுரக்கோவை, பிறக்கும் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஆயினும் எந்தச் சுரத்தில் நின்று நிலைக்கலாம், எதைத் தொட்டால் வேறோர் இராகத்தின் சாயல் விழுந்துவிடும் என்பனவெல்லாம் பல்லாண்டுச் சாதகத்தினால் அவருடைய விரலிலும் மூச்சிலும் ஊறியிருக்கின்றன. அவ்வாறு ஊறியிருப்பதனாலேயே, அக்கணத்தில் தோன்றும் புதிய பிடியொன்றை அச்சமின்றிப் பின்தொடர அவரால் முடிகிறது. நம் இசை மரபு இதனை மனோதர்மம் என்று போற்றுகிறது. நம் மண் தந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பை ஒலிப்பதிவில் கேட்பவர்களும், தாளக் கணக்குச் சிறிதும் பிசகாமலே கணக்கில் அடங்காத ஒன்று நிகழ்வதை உணர்வார்கள்.

ஆகவே திட்டத்தைக் கைவிட வேண்டாம். ஆனால் பாத்திரம் ஒன்று திட்டத்தில் இல்லாத சொல்லைச் சொல்லிவிட்டால், அதை உடனே வெட்டாமல் ஒரு பக்கமேனும் அதன் வழியே எழுதிப் பாருங்கள். கதை அங்கே உயிர்பெற்றால், முடிவை மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள். முன்பே தீர்மானித்த முடிவின் மீதுள்ள பிடிவாதமே பல நல்ல கதைகளைக் கெடுத்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சிறு கொப்பியொன்றும் பேனையும் எப்போதும் உங்களோடு இருக்கட்டும். பஸ்ஸிலோ சந்தையிலோ காதில் விழும் பேச்சைக் குறிக்கும்போது, அதன் கருத்தை எழுதாமல் சொன்னவரின் சொற்களையே எழுதுங்கள். கருத்து பிறகும் நினைவில் நிற்கும், சொற்கள் அன்றிரவே கலைந்துவிடும்.

ஓய்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹென்றி புவன்காரே, தமது ஆய்வை மறந்து பயணம் சென்றிருந்தபோது, வண்டியின் படியில் கால்வைத்த கணத்தில் முக்கியமானதொரு கண்டுபிடிப்பு மனத்தில் உதித்ததாக எழுதியிருக்கிறார். இத்தகைய வெளிச்சம், பயனற்றதாகத் தோன்றிய பல நாள் முயற்சிக்குப் பிறகே வருகிறது என்றும் அவரே வலியுறுத்தியிருக்கிறார். முதற்செய்தியை விரும்பிச் சொல்லும் பலர் இரண்டாவதைச் சொல்லாமல் விடுவது வருத்தத்துக்குரியது. எழுத்து ஓடாத நாளிலும் மேசையில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, அதன் பிறகு மன நிறைவோடு எழுந்து நடக்கச் செல்லுங்கள்.

கேள்வி: நீர்வண்ண ஓவியம் தீட்டும்போது வண்ணம் கசிந்து பரவிவிட்டால் தாளைக் கிழித்துவிடுகிறேன். இது சரியா?
– மாணவன், பருத்தித்துறை

பதில்: கிழிக்க வேண்டாம், தம்பி. கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்த்தால் அவற்றில் மலைகளும் போர்க்களங்களும் முகங்களும் தென்படும் என்று லியனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு அறிவுரை எழுதிவைத்தார். கசிந்த இடத்தையும் அவ்வாறே பாருங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். எந்த முடிவையும் தாள் நன்றாக உலர்ந்த பிறகே எடுங்கள். உலரும்போது நீர்வண்ணம் வெளிறும் என்பதால், ஈரத்தில் பெருங்குறையாகத் தெரிந்தது பிறகு அவ்வளவாக உறுத்தாது. அப்போதும் மிகையாகத் தோன்றுவதை, நனைத்த தூரிகையால் மெல்லத் தேய்த்துத் துணியால் ஓரளவு ஒற்றி எடுக்கலாம்.